ஒரே கூண்டில் இரண்டு பச்சோந்திகள்

பச்சோந்தி என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது அதன் நிறமாற்றம். கட்சி மாறுபவரையும் பேச்சு மாறுபவரையும் பச்சோந்தி என்றே ஏசுகிறோம். இருக்கும் இடத்துக்கு ஏற்ப நிறத்தை மாற்றித் தன்னை ஒளித்துக்கொள்ளும் பிராணி அது என்பது பள்ளியில் நாம் படித்த பாடம். இந்தப் பாடம் பாதிதான் சரி. மீதிப் பாதியை அறிவியல் கற்றுக்கொள்ள இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. காரணம் மிக எளியது. பச்சோந்தியை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு பச்சோந்தியை வைத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். ஒரு மனிதனைத் தனியறையில் அடைத்துவிட்டு, மனிதன் பேசும் இயல்புடையவனா என்று கதவிடுக்கு வழியாகப் பார்த்திருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும்?

சரி, இரண்டை ஒன்றாக விட்டால் உண்மை தெரிந்துவிடுமா? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தச் சிக்கலை மற்ற எந்த இனத்தையும்விடத் தெளிவாகக் காட்டுபவை குள்ளப் பச்சோந்திகள். ஆகவே இந்த வரலாற்றை அவற்றில் கொண்டுபோய் முடிப்பதே என் நோக்கம்.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் எழுதிய விலங்கு வரலாற்று நூலில் பச்சோந்திக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார். சுழலும் கண், இரு பிரிவாகப் பிளந்த பாதம், சுருளும் வால் எல்லாவற்றையும் விவரிக்கிறார். உடலில் காற்று நிரம்பி உப்பும்போதே நிறம் மாறுகிறது என்றும் எழுதினார். இது கூர்மையான கவனிப்பு. பச்சோந்தி உடலை உப்பிக் காட்டுவது எதிரியையோ போட்டியாளனையோ காணும்போதுதான். அரிஸ்டாட்டில் கண்டது, தன்னைப் பிடித்த மனிதனைப் பார்த்து மிரட்டிய பச்சோந்தியாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி, பச்சோந்தி உண்பதும் இல்லை, குடிப்பதும் இல்லை, காற்றையே உண்டு வாழ்கிறது என்று எழுதிவைத்தார். நாவை நீட்டி இரை பிடிப்பது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுவதால் வந்த பிழை போலும். இந்தக் கதை பல நூற்றாண்டு நிலைத்து நின்றது.

பாரிஸ் அறிவியல் கழகத்தைச் சேர்ந்த கிளாட் பெரோ 1669-இல் பச்சோந்தியின் உடற்கூற்றை விரிவாக வெளியிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில், அதே நகரில், மதலேன் த ஸ்குதேரி என்ற புகழ்பெற்ற பெண் எழுத்தாளர் தம் வீட்டில் பச்சோந்திகளை வளர்த்தார். எகிப்திலிருந்து வந்தவை அவை. அவற்றைப் பற்றி அவர் எழுதியது 1688-இல் வெளிவந்தது. அதன் தலைப்பு 'இரண்டு பச்சோந்திகளின் வரலாறு'. அறிவியலார் அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்த பிராணியை, வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல வைத்துப் பார்த்தவர் அவர். உடற்கூற்றுக்கு ஒரு பிணம் போதும். நடத்தையை அறிய உயிரோடு இருக்கும் விலங்கும் பொறுமையும் வேண்டும். பின்வந்த இருநூறு ஆண்டுகளில் இந்த இரண்டாவது வழியில் சென்றவர் மிகக் குறைவு.

19-ஆம் நூற்றாண்டில் ஆராய்ச்சி தோலுக்குள் புகுந்தது. வியன்னாவில் எர்ன்ஸ்ட் புரூக்கே 1852-இல் பச்சோந்தியின் நிறமாற்றம் பற்றிப் பெரிய ஆய்வை வெளியிட்டார். பிரான்சில் பால் பேர் 1875-இல் நிறமாற்றத்தை நரம்புகள் எவ்வாறு ஆளுகின்றன என்று ஆராய்ந்தார். நிறம் எப்படி மாறுகிறது என்ற கேள்விக்கு விடை சிறிது சிறிதாகக் கிடைத்தது. யாருக்காக மாறுகிறது என்ற கேள்வியை அவர்கள் எழுப்பவில்லை.

அந்தக் கேள்வியின் அருகே வந்தவர் டார்வின். மனிதனின் தோற்றமும் பாலினத் தேர்வும் பற்றிய தமது நூலில் (1871, திருத்திய பதிப்பு 1874) ஆண் பச்சோந்திகளின் கொம்புகளைக் குறிப்பிட்டு, மான்களைப் போல இவையும் கொம்புகளைச் சண்டைக்குப் பயன்படுத்தக்கூடும் என்று கருதினார். தென்னாப்பிரிக்கச் சிறு பச்சோந்திகள் இரண்டு ஒரு கிளையில் சண்டையிட்டதைக் கண்ட ஒருவரின் செய்தியையும் அதில் சேர்த்தார். அவை தலையை வீசிக் கடிக்க முயன்றனவாம், சற்று இளைப்பாறினவாம், பிறகு மீண்டும் தொடங்கினவாம். இரண்டு பிராணிகள், ஒரு கிளை, பார்ப்பதற்கு ஒரு மனிதர்: இந்த மூன்றும் சேர்ந்ததும் பச்சோந்தி 'பேச' ஆரம்பித்துவிட்டது!

இந்த வழியை முறைப்படி பின்பற்றியது 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். ராபர்ட் பஸ்டர்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1958-இல் ஜாக்சன் பச்சோந்தியின் மூன்று கொம்புகளின் பயனைப் பற்றி எழுதினார். 1967-இல் இன்னோர் ஆப்பிரிக்க இனத்தின் சண்டை முறைகளை விவரித்தார். (இதே பஸ்டர்ட் 1974-இல் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் வல்லுநராக இந்தியாவுக்கு வந்து, அழிவின் விளிம்பில் இருந்த நீள்மூக்கு முதலைகளைக் காக்கும் திட்டத்துக்கு வழிகாட்டினார்.) அதே 1967-இல் ஜெர்மானியரான கெஸ்ட்லே, தென்னாப்பிரிக்க, கிழக்காப்பிரிக்கச் சிறு பச்சோந்திகளின் சமூக நடத்தை என்ற தலைப்பிலேயே ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார். 'பச்சோந்தி', 'சமூகம்' என்ற இரு சொற்களும் ஒரே தலைப்பில் நிற்கலாம் என்பதே அன்று புதுமை.

இங்கே ஒரு விளக்கம் தேவை. மேலே சொன்ன சிறு பச்சோந்திகள் மரத்தில் வாழ்பவை. பச்சை நிறம் உடையவை. சண்டையின்போது பளிச்சென்று நிறம் காட்டுபவை. குள்ளப் பச்சோந்திகள் வேறு. இவை காட்டுத் தரையில் உதிர்ந்த இலைகளுக்கிடையே பகலைக் கழித்துவிட்டு, இரவில் சிறு செடிகளில் ஏறித் தூங்குகின்றன. வால் குட்டை. நிறம் பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை. தொட்டால் சில இனங்கள் காலை மடக்கிக்கொண்டு சருகு போல உருண்டு விழுந்துவிடும். மடகாஸ்கரில் வாழும் புரூக்கேசியாவும், ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் வாழும் ராம்ஃபோலியான், ரீப்பிலியான் பேரினங்களும் இவற்றில் முக்கியமானவை. 2021-இல் விவரிக்கப்பட்ட புரூக்கேசியா நானா என்ற இனத்தின் ஆண், வாலோடு சேர்த்தே 21.6 மி.மீ. நீளந்தான். ஒரு ரூபாய் நாணயத்தின் மேல் படுத்தால் வெளியே நீளாது. இந்த உருவத்திலும் இவை பலவீனமானவை அல்ல. டான்சானியாவின் முள் மூக்குடைய ராம்ஃபோலியான் ஒன்று தன் நாவை வீசும் வேகவளர்ச்சி, புவியீர்ப்பைப் போல் 264 மடங்கு என்று 2016-இல் அளந்திருக்கிறார்கள்.

புரூக்கேசியா என்ற பெயரைக் கிரே என்ற விலங்கியலார் 1865-இல் வைத்தார். லண்டனில் பெரிய உடற்கூற்று அருங்காட்சியகம் வைத்திருந்த ஜோஷுவா புரூக்ஸ் என்பவரின் நினைவாக வைத்த பெயர் அது. பொருத்தமான பெயர்தான்! ஏனெனில் அடுத்த நூறு ஆண்டுகள் இந்தப் பிராணிகளை மனிதர் அறிந்தது பெரும்பாலும் சாராயப் புட்டிக்குள். மடகாஸ்கரின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய மருத்துவர் பிரிகூ 1978-இல் புரூக்கேசியா இனங்களைத் தொகுத்து ஒரு நூலை வெளியிட்டார். இன்றும் அதைப் புரட்டாமல் இத்துறையில் யாரும் நுழைவதில்லை. ஆயினும் முதுகில் எத்தனை முள் என்று புட்டியில் எண்ணலாம். ஆண் பெண்ணை நெருங்கும்போது எப்படித் தலையசைக்கும் என்று எண்ண முடியாது.

உயிரோடு பார்த்தவர்கள் பின்னர் வந்தார்கள். மடகாஸ்கரின் ஆறு பச்சோந்தி இனங்களின் வாழ்க்கையைக் களத்தில் கவனித்த ஓர் ஆய்வு 1974-இல் வெளிவந்தது. 1991-இல் கிறிஸ்டோபர் ராக்ஸ்வொர்தி மழைக்காடுகளில் புரூக்கேசியாக்களைப் பின்தொடர்ந்து எழுதினார். பகலில் கண்ணில் படாத இவற்றை இரவில் கைவிளக்கால் எளிதாகக் காணலாம். தூங்கும் பச்சோந்தி வெளிர்நிறமாகி ஒளியில் தனித்துத் தெரியும். சில இனங்களில் ஆண், பெண்ணின் முதுகில் ஏறிக்கொண்டு அதனுடனே நீண்ட நேரம் சுற்றித் திரிகிறது என்ற செய்தியும் இத்தகைய கவனிப்புகளால் தெரிந்தது. தனிமை விரும்பி என்று பெயர் பெற்ற பிராணி, துணையைச் சுமந்துகொண்டு நடக்கிறது!

இதற்கிடையே குள்ளப் பச்சோந்திகள் ஐரோப்பா, அமெரிக்காவின் வளர்ப்புப் பிராணிச் சந்தைக்கு வந்து சேர்ந்தன. டான்சானியாவிலிருந்து போன தாடிக் குள்ளப் பச்சோந்தி அங்குப் பலரின் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிகளில் இடம்பிடித்தது. பெரிய பச்சோந்தி இனங்களை ஒரு பெட்டிக்கு ஒன்றாகவே வைக்கவேண்டும், இரண்டை வைத்தால் ஒன்று சாகும் என்பது வளர்ப்பவர்களிடையே எழுதாத சட்டம். குள்ளப் பச்சோந்திகளுக்கு மட்டும் விலக்கு. ஓர் ஆணும் இரண்டு மூன்று பெண்களும் சேர்ந்திருக்கலாம், அவை சண்டையிடுவதில்லை, கூடி வாழும் இயல்புடையவை என்று சொல்லிக்கொண்டார்கள்.

இந்தக் கூற்று உண்மையா? இதற்கு விடை தேட நாம் பெரிய பச்சோந்திகளிடம் மீண்டும் போகவேண்டும்.

2008-ஆம் ஆண்டு டெவி ஸ்டூவர்ட்-ஃபாக்ஸ், அட்னான் மூசல்லி என்னும் இருவர் தென்னாப்பிரிக்கச் சிறு பச்சோந்திகளின் 21 கிளைவழிகளை எடுத்துக்கொண்டார்கள். ஆண்களை நேருக்கு நேர் விட்டு, அவை காட்டிய நிறங்களைக் கருவியால் அளந்தார்கள். பச்சோந்தியின் கண்ணுக்கும், அதை வேட்டையாடும் பறவையின் கண்ணுக்கும் அந்நிறங்கள் எவ்வளவு எடுப்பாகத் தெரியும் என்று கணக்கிட்டார்கள். நிறமாற்றம் ஒளிந்துகொள்வதற்காக வளர்ந்ததென்றால், பலவகைப் பின்னணியில் வாழும் இனங்களே அதிகமாக நிறம் மாற வேண்டும். முடிவு அப்படி வரவில்லை. எந்த இனம் தன் இனத்தார் கண்ணுக்கு மிக எடுப்பான அடையாளங்களைக் காட்டியதோ, அந்த இனமே மிக அதிகமாக நிறம் மாறியது. அதாவது நிறமாற்றத்தின் திறன் வளர்ந்தது ஒளிவதற்காக அன்று, தெரிவதற்காக. பச்சோந்தி ஒளிந்துகொள்வது இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அதன் திறமையைக் கூட்டிக்கொண்டே போனது எது என்பதற்கான விடை இது.

2013-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ரஸ்ஸல் லிகன், கெவின் மெக்ரா ஆகியோர் ஏமன் நாட்டுப் பச்சோந்தியின் ஆண்கள் பத்தை எடுத்து இரண்டிரண்டாக மோதவிட்டார்கள். உடலின் பக்கவரிகள் அதிகம் ஒளிர்ந்த ஆண், எதிரியை நோக்கி முன்னேறியது. தலை அதிகம் ஒளிர்ந்து விரைவாக நிறம் மாறிய ஆண், பெரும்பாலும் வென்றது. 'வருகிறேன்' என்பதை விலாவும், 'வெல்வேன்' என்பதைத் தலையும் சொல்லுகின்றன! தோற்ற ஆண் கறுத்துப்போகிறது என்பதையும் லிகன் அடுத்த ஆண்டு காட்டினார். கறுப்பு இங்கே சரணடையும் கொடி. அதைக் கண்டதும் வென்றவனின் தாக்குதல் தணிகிறது.

இனிக் கூண்டுக்கு வருவோம். காட்டில் தோற்ற பச்சோந்தி சரணடைந்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடும். கூண்டில் அடுத்த மரம் இல்லை. அது தினமும் காலையில் தன்னை வென்றவன் முகத்திலேயே விழித்து, தினமும் கறுத்து நிற்கவேண்டும். உணவு போட்டால் ஒதுங்கிப் போகும்; பகலிலும் கண்ணை மூடிக்கொள்ளும். வெளியில் நின்று பார்ப்பவருக்கோ சண்டை இல்லை, சத்தம் இல்லை, அமைதி. இந்த அமைதியை நட்பு என்று எழுதிக்கொண்டவர்கள் பலர். நிறம் பளிச்சென்று மாறும் இனமாக இருந்தால் கறுப்பைக் கண்டாவது ஐயம் வரும். குள்ளப் பச்சோந்தி முன்பே பழுப்பு. அது கறுத்தாலும் சருகு இன்னும் சற்றுக் காய்ந்தது போலத்தான் தெரியும்! மேலும் பச்சோந்தி குளிர்ந்தாலும் கறுக்கும், நோயுற்றாலும் கறுக்கும். மூன்றில் எது என்று ஒரு பார்வையில் சொல்ல இயலாது.

இன்னொரு வேடிக்கை. தனியே வைத்தால் தொல்லை இல்லை என்று ஒற்றைப் பச்சோந்தியைக் கண்ணாடிப் பெட்டியில் விடுவார்கள். ஒளி விழும் கோணத்தைப் பொறுத்துக் கண்ணாடியில் அதன் உருவமே தெரியும். அதைப் போட்டியாளன் என்று எண்ணி நாள் முழுதும் உப்பிக்கொண்டு நிற்கும் பச்சோந்தி, தனிமையில் இருப்பதாகச் சொல்ல முடியுமா?

அப்படியானால் எல்லாவற்றையும் பிரித்து வைப்பதே சரி என்று முடிவுகட்டலாமா? அதற்கும் வழி இல்லாமல் செய்தது 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. பாலன், ஷைன், ஓல்சன் என்னும் மூவர் ஏமன் பச்சோந்திக் குஞ்சுகளில் சிலவற்றை நான்கு நான்காகவும், சிலவற்றைத் தனித்தனியாகவும் வளர்த்தார்கள். பின்னர் இவற்றைச் சந்திக்க வைத்தபோது, தனித்து வளர்ந்தவை அடங்கி ஒடுங்கின. மங்கிய, கரிய நிறம் காட்டின. இரை பிடிப்பதிலும் பின்தங்கின. முட்டையிலிருந்து வெளிவந்த நாள் முதல் தாய் முகம் அறியாத, தனிமை விரும்பி என்று நாம் முத்திரை குத்திய ஒரு பிராணிக்கு, உடன் வளரும் குஞ்சுகளின் முகம் தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடித்தமானது. ஒன்றாக வைப்பதும் தனியாக வைப்பதும் இரண்டுமே விலங்கை மாற்றுகின்றன என்பதை அது ஒளிவுமறைவின்றிக் காட்டிவிட்டது.

குள்ளப் பச்சோந்திகள் நிறத்தால் பேசாவிட்டால் வேறு எதனால் பேசுகின்றன? உடலசைவு ஒன்று. அதிர்வு மற்றொன்றாக இருக்கலாம். கையில் எடுத்தால் சில குள்ளப் பச்சோந்திகள் உடம்பை விர்ரென்று அதிரவைக்கும். கைப்பேசி அதிர்வது போல உள்ளங்கையில் உணரலாம். ஏமன் பச்சோந்தி கிளை வழியே இத்தகைய அதிர்வை அனுப்புகிறது என்று 1999-இல் பதிவுசெய்தார்கள். பச்சோந்திக்குப் புறச்செவி இல்லை. காதால் கேட்பது குறைவு. கால்களால் கேட்கிறது போலும். 2018-இல் ஜெர்மனியிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. புற ஊதாக் கதிர் பட்டால் பல பச்சோந்திகளின் முகத்து எலும்பு முடிச்சுகள் தோலினூடே நீலமாக ஒளிர்கின்றன. மடகாஸ்கரின் புரூக்கேசியாவும் அவ்வாறு ஒளிர்கிறது. நாம் மங்கல் என்று ஒதுக்கிய முகம், அதன் இனத்தார் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ! பச்சோந்திகளின் கண் புற ஊதா ஒளியையும் காணவல்லது என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

மாணவர்கள் சிலருக்கு இதைப் படித்ததும் பச்சோந்தி வளர்க்கும் ஆசை எழலாம். நம் நாட்டில் உள்ள ஒரே பச்சோந்தி இனம், தமிழகத்திலும் இலங்கையிலும் வாழ்வது, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அதைவிட நல்ல வேலை ஒன்று இருக்கிறது. வேலியிலே தலையாட்டும் ஓணானை யாரும் கூண்டில் அடைக்கவேண்டியதில்லை. கல்லெறியாமல் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்து, எந்த ஓணான் எதைக் கண்டு சிவந்தது, எது இறங்கி ஓடியது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்தாலே போதும். குள்ளப் பச்சோந்திகளைப் பொறுத்தவரை, புரூக்கேசியா இனங்களின் பன்னாட்டு வணிகம் 2003 முதலும், ராம்ஃபோலியான், ரீப்பிலியான் இனங்களின் வணிகம் 2017 முதலும் அழிவிடர் உயிரின வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன.

ஒன்றாக வைப்பது என்ற கேள்வி கண்ணாடிப் பெட்டியோடு நின்றுவிடவில்லை. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் தென்கோடியில் உள்ள மலாவிக் குன்றுகளில் சாப்மன் குள்ளப் பச்சோந்தி வாழ்கிறது. நீளம் 5.5 செ.மீ. அளவே. காலின் டில்பரி 1992-இல் இதைப் புதிய இனமாக விவரித்தார். அப்போதே காடு வெட்டுண்டு வந்தது. 1980-களின் நடுவிலிருந்து கணக்கிட்டால் அங்குள்ள காட்டில் ஏறத்தாழ 80 விழுக்காடு அழிந்திருக்கிறது. இனம் அடியோடு போய்விடக்கூடாதே என்று 1998-இல் 37 பச்சோந்திகளைப் பிடித்து, வடக்கே 95 கி.மீ. தொலைவில் உள்ள மிகுண்டி என்ற இடத்துக் காட்டுத் துண்டில் விட்டார்கள். ஒன்றுக்கொன்று அறிமுகம் இல்லாத 37 பிராணிகள், தெரியாத மரங்கள், எல்லை தாண்ட வழியில்லாத ஒரு சிறு காடு. ஒரு வகையில் அதுவும் ஒரு கூண்டுதான். ஆனால் தோற்றவன் ஒதுங்குவதற்கு இடமுள்ள கூண்டு.

2001-லும் 2012-லும் போய்ப் பார்த்தபோது அவை அங்கே இருந்தன. சொந்தக் குன்றில் மிச்சம் ஏதாவது உண்டா என்ற ஐயம் வலுத்தபோது, 2016-இல் கிரிஸ்டல் டாலியின் குழு கைவிளக்குகளுடன் இரவில் தேடியது. குன்றின் முதல் காட்டுத் துண்டில் ஒற்றையடிப் பாதை ஓரமாக 7 பச்சோந்திகள், இரண்டாவது துண்டில் 10. துண்டுகளுக்கிடையே வயல்கள் வந்துவிட்டதால் ஒரு துண்டில் இருப்பவை அடுத்த துண்டில் இருப்பவற்றோடு இணைசேர முடிவதில்லை என்பதை மரபணுச் சோதனை காட்டியது. 2021-இல் இம்முடிவுகள் வெளியாயின. மிகுண்டியிலும் அந்தக் குழு தேடியது. செடிகளின் நுனியில், தரையிலிருந்து சிறிது உயரத்தில், வெளிறிய நிறத்தில் 21 வளர்ந்த பச்சோந்திகள் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றோடு குஞ்சுகளும் இளம் பச்சோந்திகளுமாக 11 இருந்தன.